குறுக்குக்காற்றும் மஞ்சாவும்

பஸ் கிளம்பி அடுத்த நிறுத்தம் வருவதற்குள் லெபோசாவா அம்மாள் இந்தப் பக்கத்து ஜன்னலையும் அந்தப் பக்கத்து ஜன்னலையும் இழுத்து மூடிவிடுவாள். வெளியே ஜூலை மாத வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஆட்கள் வேர்வையில் ஊறிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஒருவர்கூட மறுத்துப் பேச மாட்டார். க்ராலியேவோ நகரத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், வேர்வையால் யாரும் செத்ததில்லை. ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியேறுகிற குறுக்குக்காற்றுதான் ஆளைக் கொண்டுபோகும்.

"எங்க வீட்டுக்காரர் பல்லு வலிக்குதுன்னுதான் படுத்தாரு. ரெண்டு ஜன்னலும் தொறந்திருந்துச்சு. அவ்வளவுதான், போயிட்டாரு," என்பாள். அவர் போனது அந்தப் பல்வலிக்குப் பல வருடம் கழித்து, பிளம் மரத்திலிருந்து விழுந்து. இருந்தாலும் வினை தொடங்கியது அந்த ஜன்னலில்தான் என்பது அம்மாளின் முடிவு.

குறுக்குக்காற்று ஒன்றோடு அவளுடைய பயம் நின்றுவிடாது. ஈரத்தலையோடு வாசலுக்குப் போனால் மூளைக்காய்ச்சல். சிமெண்டுப் படியில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் உறைந்துவிடும். தரையில் வெறுங்காலோடு நடந்தால் சிறுநீரகம் போயிற்று. தெருவில் முன்பின் தெரியாத பெண்பிள்ளை படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்கூட நின்று, தன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்து, "இத போட்டு உக்காரு கண்ணு, நாளைக்கு நீ புள்ள பெக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அட்டை எப்போதும் பையில் இருக்கும்.

இப்படிப்பட்டவள் காலையில் கண் விழிப்பதே நாயின் நாக்கில்தான்.

அது கலப்பு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே மஞ்சள். அதனால் பெயர் மஞ்சா. இரவில் அம்மாளின் கால்மாட்டில் படுக்கும். பனி விழத் தொடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித் தலையணைக்கு வந்துவிடும். சூப்பு கொதிக்கும்போது உப்புப் பார்க்கிற கரண்டியில் முதல் வாய் அம்மாளுக்கு, மீதி மஞ்சாவுக்கு. அதே கரண்டி மறுபடி பானைக்குள் போகும். யாராவது முகம் சுளித்தால் அம்மாள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "நாய் வாயில மருந்து இருக்கு. புண்ண நக்கியே ஆத்திக்குதே, பாத்ததில்ல? மனுஷன் வாயிலதான் விஷம்."

அவளுக்குத் தொழில் மாவு. அடுக்கு அடைக்கு வேண்டிய மெல்லிய மாவுத் தாள்களை வீட்டிலேயே இழுத்துச் சந்தையில் விற்கிறாள். சாப்பாட்டு மேசை முழுவதும் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு கைப்பிடி மாவு உருண்டையை வைத்து, புறங்கைகளால் நாலா பக்கமும் இழுத்துக்கொண்டே சுற்றி வருவாள். மாவு மேசையின் நான்கு விளிம்பையும் தாண்டித் தொங்கும். அதற்கடியில் செய்தித்தாளை வைத்துப் படித்துவிடலாம், அத்தனை மெல்லிசு. அந்த நேரத்தில் மட்டும் மஞ்சாவுக்கு உள்ளே வர உத்தரவில்லை. வாசற்படியில் விரலால் ஒரு மாவுக்கோடு போடுவாள். மஞ்சா கோட்டுக்கு அந்தப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு, மாவு பறக்கும்போதெல்லாம் தும்மும். "ஆண்டவர் காக்கட்டும்," என்பாள் அம்மாள், மனிதர்களுக்குச் சொல்வதுபோலவே.

மகன் பெயர் நெபோய்ஷா. பயப்படாதே என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் அவன் தியானாவைக் கட்டுவான் என்று எதிர்பார்க்கவில்லை. தியானா கெட்டவள் அல்ல. தலைநகரத்தில் பல் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறாள், பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறாள். ஆனால் நாய் என்றால் அவள் கண்ணுக்கு நாலு கால் தெரிவதில்லை. முடி, எச்சில், உண்ணி, புழு என்றுதான் தெரியும். வாரம் ஒருமுறை மாமியாரின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்புவாள். புழுவைப் பெரிதாக்கி எடுத்த படம். அம்மாள் அதை மஞ்சாவுக்குக் காட்டுவாள். மஞ்சா கைப்பேசியை நக்கும்.

சென்ற இலையுதிர் காலத்தில் அம்மாளுக்கு இருமல் பிடித்தது. தொலைபேசியில் அந்த இருமலைக் கேட்ட அன்றே தியானா சொல்லிவிட்டாள். "அத்தே, நான் மரியாதை இல்லாம பேசறேன்னு நெனைக்காதீங்க. அந்த நாய்கிட்டேருந்துதான் உங்களுக்கு ஏதோ ஒட்டிக்கிச்சு. நீங்க டாக்டர்கிட்ட காட்டி, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சாத்தான் நான் நேவெனாவ திருநாளுக்குத் தூக்கிட்டு வருவேன்."

நேவெனா பேத்தி. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். திருநாள் என்றது லூக்காவின் திருநாள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் அவருக்காக வீட்டில் மெழுகுவத்தி எரியும், ரொட்டி வெட்டப்படும், ஊர் வந்து சாப்பிட்டுப் போகும். அம்மாள் வீட்டுப் புனிதர் லூக்கா, அதுவும் வைத்தியர் லூக்கா. "வீட்டுலயே டாக்டர வச்சுக்கிட்டு வெளிய இன்னொரு டாக்டரா?" என்று முனகினாள். பேத்திக்காகப் போனாள்.

சுகாதார நிலையத்தில் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலை நிமிராமலேயே பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கண்ணாடியின் ஓட்டை சிறியது. அம்மாளுக்கு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்டது.

"யாருமில்ல கண்ணு. மஞ்சாதான் இருக்கு."

நர்ஸ் நிமிர்ந்து அம்மாளின் கண்களைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் காமாலையை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெயரைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும் என்று பயம். மஞ்சள் என்றாலே போதும்.

"மஞ்சளா? எப்பலேருந்து?"

"ஆறு வருஷமா."

"வைத்தியம் ஏதும் பாக்கலையா?"

"அதுக்கென்ன வைத்தியம்? நல்லாத்தான் இருக்கு."

"நடுவுல விட்டுப் போகவே இல்லையா?"

"போன வருஷம் ஒரு தடவ போயிடுச்சு. நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும். லூக்காவுக்கு மெழுகுவத்தி ஏத்தி வச்சேன். தானா திரும்பி வந்துடுச்சு."

நர்ஸின் பேனா நின்றது. "திரும்பி வரணும்னா வேண்டிக்கிட்டீங்க?"

"பின்ன? கால்மாட்டுல அது கெடந்தாத்தானே எனக்குத் தூக்கமே வரும்."

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் போனார்கள். ஒரு பெரியவர், கிருமி வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தார். அதே நேரம் வாசற்கதவை யாரோ திறக்க, குறுக்குக்காற்று குபீரென்று புகுந்தது. "ஐயோ, காத்து" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெரியவர் ஜன்னலை மூடினார். ஒரு பக்கம் காமாலை, ஒரு பக்கம் காற்று. யோசித்துப் பார்த்து, எல்லோரும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு காமாலையோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அம்மாள் அந்தப் பெரியவரை நன்றியோடு பார்த்தாள். இந்தக் காலத்திலும் ஜன்னலை மூடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

டாக்டர் இளம்பெண். காமாலை என்று எழுதியிருந்ததைப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னாள், மார்பில் குழல் வைத்துப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். பேச்சுவாக்கில் மஞ்சாவுக்கு வால் உண்டு என்று தெரிந்தபோது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தாள். நெஞ்சு சுத்தம், இருமல் நாயால் அல்ல, மாவுத் தூசியால் என்றாள். மாவு இழுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். நாய்க்கு வேளை தவறாமல் பூச்சிமருந்து, நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வாயை நக்க விடாமல் இருப்பது, ஒரே கரண்டி கூடாது. இவ்வளவும் செய்தால் பேத்தி தாராளமாக வரலாம். "நாய்கிட்டேருந்து உங்களுக்கு வர்றத விட, மாவுலேருந்து வர்றதுதான் ஜாஸ்தி," என்றாள்.

அம்மாளுக்கு மனசு ஆறவில்லை. நாயைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். மாவைப் போய்ச் சொல்லலாமா? அப்பம் ஆண்டவர் கையில் எடுத்து ஆசீர்வதித்தது. என்றாலும் டாக்டர் சொன்னால் லூக்காவின் பிள்ளை சொன்ன மாதிரி. அன்றைக்கே இரண்டாவது கரண்டி ஒன்று வாங்கினாள். பூச்சி மாத்திரையைப் பாலாடைக்கட்டியில் பொதிந்து கொடுத்தாள். மஞ்சா கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் தரையில் வைத்தது. நாலாவது கட்டியில்தான் மாத்திரை உள்ளே போனது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே காமாலை வந்தது காதுக்கு. சுகாதார நிலையத்தில் சுவரோரம் போனவர்களில் சந்தையில் முட்டை விற்கிறவள் ஒருத்தி. டாக்டர் சிரிப்பதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். அவள் யாரிடமோ சொல்ல, அவர் யாரிடமோ சொல்ல, கண், காது, மூக்கு வைத்து அம்மாளின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது செய்தியில் மஞ்சாவின் பெயர் உதிர்ந்துபோயிருந்தது. ஆறு வருடமாக மறைத்து வைத்த காமாலை, போன வருடம் விட்டுப்போய்த் திரும்பி வந்தது என்பது மட்டும் மிச்சம்.

அடுத்த நாளிலிருந்து அம்மாளின் கதவுப் பிடியில் யாராவது ஒரு பை மாட்டிவிட்டுப் போனார்கள். சோளநார்க் கஷாயத்துக்கு நார், செலரிக் கிழங்கு, ஒருமுறை, நோயைத் தன் நிறத்துக்கு இழுத்துக்கொள்ளும் என்று மஞ்சள் நூல் உருண்டைகூட. யாரும் மணியை அழுத்தவில்லை. மாடிப்படியின் கைப்பிடியை யாரோ பிளம் சாராயத்தால் துடைத்திருந்தார்கள். மஞ்சா அதை நக்கிக்கொண்டே கீழே இறங்கி, முற்றத்தில் மதியம் வரை தூங்கியது. சந்தையில் பெண்கள் மாவுத் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கிறது என்றார்கள். இருமலுக்கு இத்தனை அன்பா என்று அம்மாள் நெகிழ்ந்துபோய் ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தாள்.

தியானா தொலைபேசியில் அழைத்தபோதுதான் விஷயம் உடைந்தது. "அத்தே, உங்களுக்குக் காமாலையாமே. அங்கேருந்து இங்க வரைக்கும் தெரியுது, எங்ககிட்ட மட்டும் சொல்லல." அம்மாள் விளக்கினாள். நாயின் பெயர், நர்ஸ், கண்ணாடி ஓட்டை, எல்லாம். கடைசியில் தியானா, சரி அத்தே, பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்க்கலாம் என்ற சொல்லின் குளிர் அம்மாளுக்குக் குறுக்குக்காற்றைப் போல முதுகில் பட்டது.

அன்று முதல் அவளுக்கு ஒரே கவலை. திருநாளுக்கு யார் வருவார்கள்? லூக்காவின் திருநாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. அதுதான் முறை. ஒருமுறை அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஆண்டுதோறும் தாங்களாகவே வர வேண்டும். அழைத்தால் புனிதரின் பெயருக்கு இழுக்கு. எனவே கதவைத் தட்டி, வாருங்கள் என்று சொல்ல முடியாது. எனக்குக் காமாலை இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகவும் முடியாது. இல்லை என்று சொல்கிறவளுக்குத்தான் இருக்கிறது என்பது அந்தக் குடியிருப்பின் சட்டம். அவளே அந்தச் சட்டத்தைப் பலர்மேல் போட்டிருக்கிறாள்.

திருநாள் அன்று விடிந்தது. லூக்காவின் படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுவத்தி, சீனி தூவிய வேகவைத்த கோதுமை, சிவப்பு ஒயின், சிலுவைக் குறியிட்ட ரொட்டி. எப்போதும்போல இருபது பேருக்கு அடுக்கு அடை. நெபோய்ஷா மட்டும் மாடி ஏறி வந்தான். தியானாவும் குழந்தையும் எங்கே என்று கேட்டாள். அவன் காலணியைப் பார்த்துக்கொண்டு, கீழே காரில் இருக்கிறார்கள் என்றான். அம்மாள் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். காரின் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே ஒரு சின்னச் சிவப்புத் தொப்பி அங்கும் இங்கும் அசைந்தது.

பாதிரியார் ஸ்பாசோயே வந்தார். கதவு அகலத்துக்கு இருப்பவர். படம் இருக்கிற அறையில் நாய் இருந்தால் ஆசீர்வாதம் ஒட்டாது என்று அம்மாளின் மாமியார் சொல்லிவிட்டுப் போனதால், அவள் மஞ்சாவை வெளியே மாடிப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பாதிரியாரும் நெபோய்ஷாவும் ரொட்டியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றி, ஒயின் ஊற்றி, பிட்டு, முத்தமிட்டார்கள். மூன்று பேர் பாடிய பாட்டு காலி நாற்காலிகளில் பட்டுத் திரும்பி வந்தது. அம்மாள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே விடப்பட்ட மஞ்சாவுக்கு முறை தெரியாது. அது தினமும் செய்கிற வேலையைச் செய்தது. மாடி மாடியாக இறங்கி ஒவ்வொரு கதவையும் பிறாண்டியது. உள்ளே எல்லோரும் காலையிலிருந்தே நல்ல உடை உடுத்தி, தலை வாரி, யாராவது முதலில் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். முதலில் திறந்தவள் கீழ்வீட்டு ரூஷா. படிக்கட்டுக் கைப்பிடியைச் சாராயத்தால் துடைத்தவள் அவள்தான். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறுகையால் மஞ்சாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து மேலே கொண்டுவந்து, கதவுக்கு எட்ட நின்றாள்.

"லெபாக்கா, இந்தாங்க உங்க மஞ்சா. எங்க வீட்டுக் கதவுல..." என்று தொடங்கியவள் நின்றாள். நாயைப் பார்த்தாள். அம்மாளைப் பார்த்தாள். "இது உங்ககிட்ட வந்து எத்தன வருஷம் இருக்கும்?"

"ஆறு."

"போன வருஷம் காணாமப் போயி... தானா திரும்பி வந்துச்சே."

"ஆமா. நீதான் கறிக்கடை வரைக்கும் தேடிட்டு வந்த."

ரூஷாவின் கைக்குட்டை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. "அடக் கடவுளே. நாயா?"

"பின்ன யாருன்னு நெனச்சுத்தான் எனக்கு நூல் உருண்டை மாட்டிட்டுப் போன?"

ரூஷா திரும்பினாள். மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து, கீழ்த்தளம் வரை கேட்கும்படி, நோய் இல்லையாம், நாயாம் என்றாள். அதை அழைப்பு என்று யாரும் சொல்ல முடியாது. செய்திதான். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அலங்கரித்துக்கொண்டு காத்திருந்தவர்கள், அப்போதுதான் நினைவு வந்தவர்களைப் போல, பூவும் ஒயினுமாக ஏறி வந்தார்கள். மஞ்சா எல்லோருக்கும் முன்னால் உள்ளே நுழைந்து, படத்துக்கு எதிரே ஜன்னலடியில் நீட்டிப் படுத்தது. அம்மாள் பதறிப் பாதிரியாரைப் பார்த்தாள்.

அவர் வாயில் இருந்த அடையை விழுங்கிவிட்டு, படத்தைக் காட்டினார். "லூக்கா பக்கத்துல என்ன படுத்திருக்கு, பாருங்க. எருது. மாட்டுக்கே உள்ள எடம் குடுத்தவரு, நாய வெளிய போன்னு சொல்லுவாரா? கோயிலுக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

செய்தி முற்றத்துக்கும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தியானா வாசலில் நின்றாள், இடுப்பில் நேவெனா, கையில் ஈரத்துணிப் பொட்டலம். நாற்காலியைத் துடைத்தாள், மேசை விளிம்பைத் துடைத்தாள், குழந்தையின் விரல்களைத் துடைத்தாள். மஞ்சாவிடமிருந்து எவ்வளவு தூரம் உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் போகப் பார்த்தாள். ஆனால் வீடு நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடம் ஜன்னலோரத்துச் சாய்வு இருக்கை. மஞ்சாவுக்கு மூன்று சாண் தள்ளி. குழந்தை மடியிலிருந்து நழுவி இறங்க முண்டியது. தியானா விடவில்லை. அம்மாள் சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போகவில்லை, தன் இருமல் ஏதாவது கெடுத்துவிடும் என்று.

சிகரெட் புகையும் அடுப்புச் சூடும் சேர்ந்து அறை வெந்தது. பாதிரியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார். அதே நேரம் வாசற்கதவும் திறந்தது. சந்தை முட்டைக்காரி, குற்றம் செய்த முகத்தோடு, ஒரு கூடை முட்டையுடன் நின்றாள்.

திரைச்சீலை கூரைக்கு எழுந்தது. "காத்து, காத்து," என்று அறை முழுக்கக் குரல். கழுத்துப் பட்டிகள் ஏறின, சால்வைகள் இழுபட்டன. லெபோசாவா அம்மாள் பாய்ந்து போய் லூக்காவின் மெழுகுவத்தியைக் கையால் மறைத்தாள். சுடர் குனிந்து, நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரையும்விட வேகமாக அசைந்தவள் தியானா. புழுவையும் உண்ணியையும் அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். குறுக்குக்காற்றைத் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறாள். சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். ஜன்னலுக்கும் தனக்கும் நடுவில் காற்றைத் தடுக்கிற மாதிரி அந்த அறையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். குழந்தையைத் தூக்கி, மஞ்சாவின் முதுகுக்கு மறைவில், அதன் ரோமத்தோடு ஒட்ட உட்கார வைத்துவிட்டாள். நேவெனா இரண்டு கைகளையும் மஞ்சள் மயிருக்குள் மணிக்கட்டு வரை புதைத்தாள். மஞ்சா நிமிர்ந்திருந்த ஒற்றைக் காதையும் மடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

எல்லோரும் வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். ஜன்னலை மூட அவளைவிடத் தகுந்த ஆள் அந்த நகரத்திலேயே இல்லை.

அம்மாள் நடந்துபோய் ஜன்னல் பிடியில் கை வைத்தாள். நாயின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த சிவப்புத் தொப்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னலை இன்னும் ஒரு விரல் அகலம் திறந்துவிட்டாள்.